பதினைந்து ஏன் எட்டானது?

ஐயா,

வணக்கம். கோயில் மண்டபத்தில் நீங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் என் மகள் படிக்கிறாள். சென்ற ஆண்டு என் மைத்துனரின் டீரூமில் (சிறு கடையில்) இருவர் துப்பாக்கியுடன் நுழைந்து கல்லாவைக் காலி செய்தார்கள். துப்பாக்கிப் பிடியால் அடித்ததில் அவருக்கு இடது காது இன்றும் சரியாகக் கேட்பதில்லை. போன வாரம் தீர்ப்பு வந்தது. உள்ளே வந்த இருவருக்கும் தலா 15 ஆண்டு. வெளியே காரில் காத்திருந்த 19 வயதுப் பையனுக்கு 8 ஆண்டு. ஆயுதக் கொள்ளைக்குக் குறைந்தது 15 ஆண்டு என்று சட்டமே சொல்லும்போது, மாஜிஸ்திரேட் தன் இஷ்டத்துக்குக் குறைக்கலாமா? மாஜிஸ்திரேட்டுகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்தது யார்? தமிழ் மட்டுமே தெரிந்த என் மாமியார் தினமும் "ஏன் எட்டு?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தம்பி,

உங்கள் மைத்துனருக்கு நேர்ந்ததை எந்தத் தண்டனையும் ஈடுசெய்யாது. எட்டும் செய்யாது, பதினைந்தும் செய்யாது. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் "தன் இஷ்டத்துக்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் சொல்லும் சட்டம் 1997ஆம் ஆண்டின் 105ஆம் எண் சட்டம். 1998 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் என்று தொடங்கி, நீட்டித்து நீட்டித்து, பின்னர் நிரந்தரமாகிவிட்டது. அதன் 51ஆம் பிரிவு ஆயுதக் கொள்ளைக்கு முதல் முறை 15 ஆண்டு, இரண்டாம் முறை 20, அதற்கு மேல் 25 என்று குறைந்தபட்சத் தண்டனை வகுக்கிறது. அதே பிரிவில் ஒரு கதவும் இருக்கிறது. குறைவான தண்டனையை நியாயப்படுத்தும் கனமான, வலுவான சூழ்நிலைகள் இருப்பதாக நீதிமன்றம் கண்டால் குறைக்கலாம். கண்டதை வழக்குப் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும்.

அந்தக் கதவு எவ்வளவு அகலம் என்பதை 2001இல் ப்ளூம்ஃபொன்டெய்னில் உள்ள மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் அளந்து சொன்னது. அற்பக் காரணங்களுக்காக விலகக் கூடாது. வெறும் இரக்கம் போதாது. சட்டம் சொல்லும் தண்டனையிலிருந்துதான் நீதிபதி கணக்கைத் தொடங்க வேண்டும். குற்றம், குற்றவாளி, சமுதாயத்தின் தேவை ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்து, அந்தத் தண்டனை அநீதியாகிவிடும் என்று தெரிந்தால் மட்டும் விலகலாம். இப்படிக் கதவு திறந்திருப்பதால்தான் அதே ஆண்டில் அரசியல் சாசன நீதிமன்றமும் இந்தச் சட்டத்தைச் செல்லும் என்றது.

ஆங்கிலத்தில் discretion எனப்படும் இந்த அதிகாரத்தைத் தமிழில் நாம் 'விருப்புரிமை' என்று எழுதிப் பழகிவிட்டோம். பாதிக் குழப்பத்துக்கு அந்தச் சொல்லே காரணம். அதில் விருப்பு மட்டும்தான் காதில் விழுகிறது. ஆராய்ந்து தேர்வது என்ற பொருள் காணாமல் போகிறது.

கதவே இல்லாமல், அல்லது மிகக் குறுகலான கதவோடு, சட்டம் இருந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். 1980களில் நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். கொலைக்குற்றம் நிரூபணமாகிவிட்டால், குற்றத்தின் கடுமையைத் தணிக்கும் சூழ்நிலை ஏதும் இல்லாதபோது, மரண தண்டனை கட்டாயம் என்ற காலம் அது. அப்படி ஒரு சூழ்நிலை இருந்தது என்று காட்டும் சுமையும் குற்றவாளியின் தலையில்தான். 1990இல்தான் அது மாறியது. 1995 ஜூன் 6 அன்று மரண தண்டனையே ஒழிந்தது.

டர்பனில் அப்படி ஒரு வழக்கு. குடிபோதையில் நடந்த கத்திக்குத்து. பையனின் தாயார் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். வெள்ளைச் சேலை, கையில் மடித்து வைத்த கைக்குட்டை. மகன் குடித்திருந்தானா என்று அவனுக்காக வாதாடிய வழக்கறிஞரே கேட்கிறார். அந்த அம்மாள் நிமிர்ந்து, "என் பிள்ளை குடிக்கவே மாட்டான்" என்றார். மகனின் மானத்தைக் காப்பதாக நினைத்துச் சொன்னது அது. தணிக்கும் சூழ்நிலை இருந்தது என்று காட்ட, குடித்திருந்தான் என்பது மட்டுமே அவன் உயிரைக் காக்கக்கூடிய பதிலாக இருந்தது. சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பது என் கடமை. செய்தேன். என் நாக்கு உலர்ந்துவிட்டது.

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "அவசரம் இல்லை என்று அந்த அம்மாளிடம் சொல்லுங்கள். அன்று மாலை மகன் வீட்டுக்கு வந்தபோது எப்படி இருந்தான், அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்" என்றார். அந்தத் தாய் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, வாசற்படி தடுக்கி விழுந்ததையும், தானே அவன் கால்களைக் கழுவி உள்ளே இழுத்துப் போட்டதையும், ஒரு மணி நேரத்தில் அவன் எழுந்து மறுபடி வெளியே போனதையும் சொன்னார். அவனுக்கு 14 ஆண்டு சிறை கிடைத்தது. அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்டே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் அந்த நீதிபதியைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்னொருவர் கேட்காமல் போயிருக்கலாம். அப்படிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் அதிகாரத்தில் இருப்பவர்களின் நல்ல மனத்தை நம்பி விட்டுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் பிறந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். 1897இல் இங்கே வணிக உரிமச் சட்டம் ஒன்று வந்தது. இந்தியக் கடைக்காரர்களைக் குறிவைத்து வந்த சட்டம், ஆனால் அதில் 'இந்தியர்' என்ற சொல்லே கிடையாது. கடைக்கு உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் உரிம அதிகாரியின் விருப்புரிமை. அவர் முடிவை எந்த நீதிமன்றமும் மாற்ற முடியாது. முறையிடுவதானால் நகரசபையிடம் முறையிடலாம். அந்த நகரசபையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? போட்டிக் கடைக்காரர்களும் அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்களும்தான்.

ஒப்பந்தக் கூலியாக வந்து, காலம் முடிந்து, கடை வைக்க விரும்பிய ஒருவருக்கு டர்பனில் உரிமம் மறுக்கப்பட்டது. காரணம் கேட்டார், சொல்லவில்லை. பதிவேட்டின் நகல் கேட்டார், கொடுக்கவில்லை. 1898இல் நேட்டால் உச்ச நீதிமன்றம் அந்த நடைமுறையைக் கண்டித்து முடிவை ரத்து செய்தது. நகரசபை மறுபடி கூடியது. இம்முறை காரணம் சொன்னது: இந்த வகைக் கடைகள் நகரத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. உரிமம் மறுபடியும் மறுக்கப்பட்டது. நியூகாசில் நகரத்து வணிகர் ஒருவரின் வழக்கு, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது; நகரசபை முடிவுக்கு மேல் நீதிமன்றத்துக்கு வர வழியில்லை என்று அங்கும் கைவிரித்துவிட்டார்கள். காரணம் எழுதினால் மட்டும் போதாது, அந்தக் காரணத்தை உரசிப் பார்க்க மேலே ஒருவர் வேண்டும் என்பதை நம் முன்னோர் தங்கள் பிழைப்பைக் கொடுத்துக் கற்றார்கள்.

இன்றைய அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைக்காரர்தான் நினைவுக்கு வருவார். அரசு அதிகாரி எடுத்த முடிவால் உங்கள் உரிமை பாதிக்கப்பட்டால், எழுத்தில் காரணம் பெற உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது அது. 2000இல் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வெளிநாட்டுத் துணைவருக்குத் தங்கும் அனுமதி தருவதா மறுப்பதா என்பதை எந்த வழிகாட்டுதலும் இல்லாமல் குடியேற்ற அதிகாரியின் கையில் விட்ட சட்டத்தைச் செல்லாது என்றது. எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றம்தான் சொல்ல வேண்டுமாம். சரியான பேச்சு.

எதிர்ப்பக்கமும் உண்டு. பள்ளிக்கு மூக்குத்தி அணிந்து போன நம் ஊர்த் தமிழ்ப் பெண்ணின் வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். விதியில் இல்லை, ஆகவே முடியாது என்றது பள்ளி. மாணவியின் பண்பாட்டுக்கு நியாயமான இடம் தந்திருக்க வேண்டும் என்று 2007இல் தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதினார். விதிவிலக்கு கேட்பதற்கான முறையையும் பள்ளியின் விதிகளில் சேர்க்கச் சொன்னது நீதிமன்றம். அன்று நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். விதியைத் தாண்டி ஆளைப் பார் என்றுதானே கேட்டோம்? காரில் உட்கார்ந்திருந்த பையன் விஷயத்தில் அந்த மாஜிஸ்திரேட்டும் ஆளைப் பார்த்திருக்கலாம். அவன் வயது, முன்குற்றம் உண்டா இல்லையா, துப்பாக்கி இருப்பது தெரிந்து வந்தானா என்பதையெல்லாம் எடைபோட்டிருக்கலாம். சரியாக எடைபோட்டாரா என்பதை அவர் எழுதியதைப் படிக்காமல் நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

ஆகவே முதலில் அதைப் படிப்போம். வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரைப் பாருங்கள். தண்டனை பற்றிய தீர்ப்பின் பதிவைக் கேளுங்கள். தண்டனை குறைவு என்று மேல்முறையீடு செய்ய அரசுத் தரப்புக்கு வழி உண்டு. காலக்கெடு குறுகியது, இந்த வாரமே போங்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: இன்னொரு நீதிபதி பத்தோ பன்னிரண்டோ கொடுத்திருப்பார் என்பதற்காக மேல்நீதிமன்றம் தலையிடாது. தவறான அடிப்படையில் முடிவெடுத்தார், அல்லது அதிர்ச்சி தரும் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பதிவேட்டில் வலுவான காரணம் எதுவும் இல்லை, நாலு வரிச் சம்பிரதாயம்தான் இருக்கிறது என்றால், உங்களோடு அந்த அலுவலகத்துக்கு நானும் வருகிறேன்.

தீர்ப்பு கையில் கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு மாமியாரையும் அழைத்து வாருங்கள். ஆங்கிலத்தில் உள்ளதை வரிக்கு வரி தமிழில் அவருக்குச் சொல்கிறேன். ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் அவர் பாடு.

அன்புடன்.