பொங்கலுக்கு ஆலோசகருக்கும் லீவு வேண்டும்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 43. திருவாரூர் பக்கம் ஒரு குடிபோதை மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். நானும் குடித்துச் சீரழிந்து, சிகிச்சைக்கு வந்து மீண்டவன்தான். விட்டு ஆறு வருஷமாகிறது. தீபாவளி, பொங்கல் என்றால் எங்களுக்கு வேலை இரட்டிப்பு. உள்ளே இருப்பவர்கள் வீட்டுக்குப் போக லீவு கேட்பார்கள். போனவர்கள் வீட்டிலிருந்து ராத்திரியெல்லாம் எனக்குப் போன் வரும். போன ஐப்பசியில், நான் இரண்டு வருஷமாகப் பார்த்துவந்த ஒருவர் மறுபடி குடித்து இறந்துபோனார். தீபாவளிக்கு முந்தைய வாரம் வேலை முடிந்து திரும்பும்போது டாஸ்மாக் எதிரே வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒன்பதே முக்கால் இருக்கும். பத்து மணிக்கு ஷட்டர் இறங்கியதும் வீட்டுக்கு வந்துவிட்டேன். குடிக்கவில்லை. ஆனால் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மையத்தில் என் பேச்சுக்கு என்ன மரியாதை இருக்கும்? மனைவி இன்னமும் நான் உள்ளே நுழைந்ததும் வாசனை பார்க்கிறாள், எரிச்சலாக வருகிறது. பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து தம்பி வருகிறான். வழக்கம்போல் பாட்டில் வரும், பம்புசெட்டில் கச்சேரி நடக்கும். இந்த வேலையையே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.
– பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: இறந்துபோனவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நீங்கள் தீபாவளிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியை அவ்வளவு சீக்கிரம் தாண்ட முடியவில்லை.

ஐப்பசியில் சாவு. தீபாவளியும் ஐப்பசியில்தான். நடுவில் எத்தனை நாள் இருந்திருக்கப் போகிறது? துக்கத்துக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்து, மறுநாள் காலையிலேயே மையத்தில் குழுக் கூட்டம் நடத்தியிருப்பீர்கள். மற்ற நோயாளிகள் மிரண்டுபோய் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைத் தேற்றியிருப்பீர்கள். அந்த வீட்டு அம்மா, “நீங்க சொன்னா கேப்பாருன்னு நெனச்சிருந்தோம் சார்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது இன்னும் உங்கள் காதை விட்டுப் போயிருக்காது. இத்தனைக்கும் நடுவில் உங்களை யாராவது, “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார்களா? நான் பார்த்த பல மையங்களில் ஆலோசகரிடம் அதைக் கேட்பதற்கென்று ஆளே கிடையாது. நோயாளிக்கு ஆலோசகர், குடும்பத்துக்கு ஆலோசகர். ஆலோசகருக்கு? டீக்கடைதான்.

ஆகவே டாஸ்மாக் எதிரே உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரத்தை வெறும் குடி ஆசை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அழ வேண்டியதை அழாமல் வேலையைப் பார்க்கப் போனதும் அதில் இருக்கிறது. இன்னொன்றும் பாருங்கள். குடிக்கத் தோன்றும் அந்த வேகம் பெரும்பாலும் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்தில் தணிந்துவிடும், அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்று நோயாளிகளுக்கு நீங்களே எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! அன்றைக்கு நீங்கள் செய்தது அதுதான். நின்ற இடம்தான் தப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. கடைசியாக ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நின்று குடியை விடும் அமைப்பு) கூட்டத்துக்கு, ஆலோசகராக இல்லாமல் ஓர் உறுப்பினராக, எப்போது போனீர்கள்? என் ஊகம், போய் நாளாகிவிட்டது. “தினமும் இதைத்தானே பேசுகிறோம், தனியாகக் கூட்டம் எதற்கு?” என்று இந்த வேலைக்கு வந்த பலருக்கும் தோன்றிவிடுகிறது. ஊருக்கெல்லாம் இன்சுலின் எழுதிக் கொடுக்கிற டாக்டருக்கு அதனால் தன் சர்க்கரை இறங்கிவிடுமா? பிறரை மீட்கும் வேலை உங்கள் சம்பளம். உங்கள் சிகிச்சை வேறு. அதற்கு நீங்கள் நோயாளியாகப் போய் உட்கார வேண்டும்.

“ஏஏ பிறந்ததே ஒரு குடிநோயாளி இன்னொருவருக்கு உதவப் போய்த்தானே?” என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். உண்மைதான். 1935 மே மாதம் அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்துக்கு வேலை விஷயமாகப் போன பில் வில்சன், போன காரியம் கெட்டு, கையில் காசும் இல்லாமல் ஓட்டல் கூடத்தில் நிற்கிறார். அந்தப் பக்கம் பாரில் சிரிப்புச் சத்தம். அவர் குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. இன்னொரு குடிநோயாளியோடு பேசாவிட்டால் தாங்க முடியாது என்று, அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துப் போன் போட ஆரம்பிக்கிறார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அவர் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர், நம்மைப் போலப் பிறருக்கு வைத்தியம் பார்க்கிற ஆள், நாள்பட்ட குடிநோயாளியும்கூட. பில் அவரிடம் புத்தி சொல்லப் போகவில்லை. தன் கதையைச் சொன்னார், தனக்குத் துணை தேடிப் போனார். அந்த ஜூன் 10ஆம் தேதியை, டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளை, ஏஏ தன் தொடக்க நாளாக வைத்திருக்கிறது. மையத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நீங்கள் செய்வது நல்ல வேலை. ஆனால் பில் அன்று செய்தது அது இல்லை.

உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போனால் பாதிப் பேர் உங்களிடம் சிகிச்சைக்கு வந்தவர்களாக இருப்பார்கள், எழுந்து நின்று “சார் வாங்க” என்பார்கள். அங்கே டாஸ்மாக் கதையைச் சொல்ல வாய் வராதுதான். பஸ் ஏறி தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போங்கள். உங்களை யாருக்கும் தெரியாத கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருங்கள். அதுவும் முடியாவிட்டால் இணைய வழிக் கூட்டங்கள் இருக்கின்றன. ஆனால் பொங்கலுக்கு முன்னால் போய்விட வேண்டும். அந்த ராத்திரியைப் பற்றி முதலில் அங்கே சொல்லுங்கள், அல்லது உங்கள் பழைய ஸ்பான்சரிடம், அதாவது ஏஏவில் உங்களுக்கு வழிகாட்டிய மூத்த உறுப்பினரிடம், சொல்லுங்கள். மையத்தின் பொறுப்பாளரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். அவர் புரிந்துகொள்கிற மனிதராக இருந்தால் சொல்லலாம். வம்புக்கு அலைகிறவராக இருந்தால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. குடிக்காமல் வீடு திரும்பியவர் நீங்கள், உங்கள் மரியாதைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆனால் இறந்தவரைப் பற்றி மையத்தில் பேசியே ஆக வேண்டும். எங்கே தவறியது, யார் என்ன செய்திருக்கலாம், எது யார் கையிலும் இல்லை என்று டாக்டர், நர்ஸ், சக ஆலோசகர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைகளில் ஒரு மரணத்துக்குப் பிறகு இது வழக்கம். சின்ன மையங்களில் அந்தப் பாரத்தைக் கடைசியாகப் பார்த்த ஆள் தலையில் வைத்துவிடுவார்கள்.

அடுத்தது அந்தப் போன். போகிக்கு முந்தின இரவிலிருந்து காணும் பொங்கல் இரவு வரை அது உங்கள் கையில் இருக்கக் கூடாது. மையத்துக்கு ஒரு பொது எண் வைத்து ஆள் மாற்றி ஆள் எடுக்கட்டும். லீவில் போகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, அவசரத்துக்கு 108. அந்தத் தாளிலேயே இதையும் எழுதுங்கள்: தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தி, கை நடுங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிவதாகச் சொன்னாலோ ஆலோசகருக்குப் போன் போட்டு நேரத்தைக் கடத்தக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துகிறவர்களிடம் இதைப் பார்க்கிறோம். மாலையைக் கழற்றிவிட்டு நேராகப் பொங்கலுக்குள் நுழைந்து, நான்கு நாள் விட்டதையெல்லாம் பிடித்து, காணும் பொங்கலோடு மறுபடி நிறுத்துகிறவர்களிடமும் பார்க்கிறோம். இரண்டு மூன்று நாளில் ஆள் பிதற்ற ஆரம்பிப்பார். நள்ளிரவில் உங்கள் குரல் அதற்கு மருந்து ஆகாது.

தம்பி விஷயம். அவர் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்: “டேய், இந்தத் தடவை பாட்டில் வேண்டாம். கொண்டுவந்தால் வீட்டுக்குள் வேண்டாம்.” காரணமும் சொல்லுங்கள். அத்தை மகனுக்கும் பங்காளிகளுக்கும் “மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று ஒரு பொய் போதும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கூடப் பிறந்தவனிடம் பொய் வேண்டாம். ஏர்போர்ட்டில் வாங்கிய பிறகு சொன்னால், “இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது” என்று அதற்கே ஒரு மரியாதை வந்துவிடும்.

திருவள்ளுவர் தினத்துக்கு டாஸ்மாக் மூடுவதால் மாட்டுப் பொங்கல் கச்சேரி நின்றுவிடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முதல் நாளே சாக்குப் பைக்குள் வந்துவிடும். உங்கள் பக்கத்தில் காரைக்கால் வேறு கூப்பிடு தூரம். அன்றைக்குச் சாயங்காலம் பம்புசெட்டுப் பக்கம் போகவே வேண்டாம். கையில் பன்னீர் சோடாவை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து காட்டுகிற வீரமெல்லாம் உங்களுக்கு எதற்கு? “நீதான் குடிக்கமாட்டியே, வண்டி ஓட்டிட்டு வா” என்று சாவியைக் கொடுப்பார்கள் பாருங்கள், அதையும் வாங்காதீர்கள். குடிக்காதவனை டிரைவராக்குவது நம் குடும்பங்களில் எழுதாத சட்டம். ராத்திரி பதினோரு மணிக்கு அந்த வாசனையோடு நான்கு பேரைக் காருக்குள் அடைத்துக்கொண்டு வருவது உங்கள் வேலை இல்லை. மாடு குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, பூஜை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்கோ சினிமாவுக்கோ கிளம்பிவிடுங்கள். மறுநாள் கல்லணை, பூம்புகார் என்று எங்கேயாவது போகலாம், கூட்டம் பிதுங்கும், பரவாயில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று வரும். பெரியம்மா உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க சித்தப்பாவுக்கு நீதான்டா நாலு வார்த்தை சொல்லணும்” என்பார். வாசலில் கோலம் காய்வதற்குள் யாராவது ஒருவர் தன் வீட்டுக் குடிகாரரைப் பற்றிச் சொல்லி அழுவார். உங்களுக்கு மறுக்க வராது, அந்தப் பழக்கத்தில்தானே பிழைப்பே ஓடுகிறது. மறுக்கத்தான் வேண்டும். “திங்கட்கிழமை மையத்துக்குக் கூட்டிட்டு வாங்க பெரியம்மா, உட்கார்ந்து பேசுறேன். இன்னைக்கு நான் லீவு.” சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

குடிக்கத் தூண்டுபவை என்று பசி, கோபம், தனிமை, அசதி ஆகிய நான்கை ஏஏ அன்பர்கள் சொல்வார்கள். இந்தப் பாடத்தை நீங்களே நடத்துகிறீர்கள், அதனால் நீட்டவில்லை. ஒன்றே ஒன்று: மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்கு டீயும் வடையுமாக முடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு வெறும் வயிற்றோடு வண்டி ஓட்டி வருகிறீர்கள் என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். உடம்புவலிக்கு என்று யாராவது அரிஷ்டம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். புளிக்க வைத்துச் செய்வதால் அதில் ஆல்கஹால் உண்டு. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்தே. நீங்கள் இப்போது மாத்திரை எதுவும் எடுப்பதாக எழுதவில்லை. குடிக்கும் வேகம் திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் அந்த வேகத்தைக் குறைக்க உதவும். ஈரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எது பொருந்தும் என்று அவர் சொல்வார். ஆறு வருஷம் கழித்து மாத்திரையா என்று கூச்சப்படாதீர்கள். இதையே ஒரு நோயாளி கேட்டால் நீங்கள் அவரைத் திட்டுவீர்கள்.

மனைவி வாசனை பார்ப்பது. ஆறு வருஷம் உங்களுக்கு. அவருக்கு அதற்கு முந்தைய வருஷங்களும் சேர்த்துக் கணக்கு. எரிச்சல் வரட்டும், அதை அவர் மேல் காட்டாதீர்கள். அந்த ராத்திரியைப் பற்றி அவரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த பிறகு, ஒரு பகல் வேளையில். போகி அன்று பரண் சாமானையெல்லாம் இறக்கிப் போட்டுக்கொண்டிருக்கும்போது வேண்டாம். “நின்றேன், வாங்கவில்லை, அதற்கப்புறம் இன்னாரிடம் சொல்லிவிட்டேன்” என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவருக்குப் பயத்தோடு ஒரு பிடியும் கிடைக்கும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அல் அனான் கூட்டங்கள் உண்டு, அவர் விரும்பினால் போகட்டும். நீங்கள் அனுப்பி வைக்காதீர்கள்.

வேலையை விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது முடிவெடுக்காதீர்கள். தையோடு உங்கள் பக்கம் நெருக்கடி ஓயாது. சம்பா அறுவடை மாசி வரை இழுக்கும், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏற ஏற உங்கள் மையத்தில் கட்டில் நிரம்பும். அந்தக் களைப்பில் எடுக்கிற முடிவு களைப்பின் முடிவாகத்தான் இருக்கும். பங்குனியில் யோசியுங்கள். அதற்குள் மூன்று விஷயம் நடந்திருக்கிறதா என்று பாருங்கள்: இரவுப் போன் உங்களிடமிருந்து போயிருக்க வேண்டும், வாரத்தில் ஒரு கூட்டத்தில் நீங்கள் உறுப்பினராக உட்கார்ந்திருக்க வேண்டும், இறந்தவரைப் பற்றி மையத்தில் பேசியிருக்க வேண்டும். மூன்றும் நடந்த பிறகும் காலையில் கேட்டைத் திறக்கும்போது வயிற்றைப் பிசைந்தால் தாராளமாக விடுங்கள், பள்ளிக்கூடமோ கணக்கு வேலையோ எதுவானாலும் சரி. மையம் இதற்கு ஒத்துழைக்க மறுத்தால் பங்குனி வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.