மொதப் பத்துப் பக்கம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

திருமங்கலத்துல இருந்து எழுதறேன். உங்க கதைகள்ல பாதிக்கு மேல படிச்சிருக்கேன், ஆனா உண்மைய சொல்லணும்னா எனக்கு உயிர் துப்பறியும் நாவல்தான். ஸ்கூல் படிக்கும்போது பக்கத்து வீட்டு அண்ணன் வெச்சிருந்த பாக்கெட் நாவல்ல ஆரம்பிச்சது. பரத்-சுசீலா, விவேக்-ரூபலா, துப்பறிவாளர் கணேஷ்-வசந்த் எல்லாரும் எங்க வீட்டு ஆளுங்க மாதிரி. இப்ப மொபைல்ல ஷெர்லாக் ஹோம்ஸ் தமிழ்ல படிக்கறேன். என் வீட்டுக்காரர் காலேஜ்ல வேலை பாக்கறாரு, நான் இதைப் படிக்கறத பாத்தாலே சிரிப்பாரு, குப்பைன்னுவாரு. நானும் சும்மா டைம்பாஸுக்குத்தான்னு சொல்லி சமாளிச்சிருவேன்.

என் கேள்வி என்னன்னா, எல்லா கதையும் ஒரே மாதிரிதான் இருக்கு. யாரோ வர்றாங்க, யாரோ சாகறாங்க, கடைசில கண்டுபிடிக்கறாங்க. தெரிஞ்சும் ஏன் விட முடியல? மொதப் பத்துப் பக்கத்த எப்பவுமே தள்ளிட்டு நேரா கொலை நடந்த இடத்துக்குப் போயிருவேன், அப்பவும் போரடிக்க மாட்டேங்குது. போன மாசம் வீட்ல ஒரு மோதிரம் காணாமப் போயி ஆளாளுக்கு ஒரு மாதிரி பேசிக்கிட்டு இருந்தப்பக்கூட ராத்திரி இதைத்தான் படிச்சிக்கிட்டு இருந்தேன், அது கெடக்கட்டும். இதெல்லாம் இலக்கியம் ஆகுமா அக்கா? நல்லதா பத்து துப்பறியும் சீரிஸ் லிஸ்ட் தருவீங்களா? நீங்க ஏன் ஒண்ணு எழுதக் கூடாது?

அன்புடன்,
உங்கள் வாசகி, திருமங்கலம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பேரு வேண்டாம்னு சொன்னீங்க, போடல. மோதிரத்தப் பத்தின வரிய எடுத்துரவான்னு கேட்டேன், இருந்துட்டுப் போகட்டும்னீங்க, அதனால இருக்கு.

லிஸ்ட் தர மாட்டேன். நீங்க சொல்ற பேரெல்லாம் பாத்தா என்னைவிட அதிகம் படிச்சிருக்கீங்க, நான்தான் உங்ககிட்ட கேட்டு வாங்கணும். இது இலக்கியமா இல்லையாங்கற பஞ்சாயத்துக்கும் நான் வரல, அதுல உக்காந்து எந்திரிச்ச யாரும் அதுக்கப்பறம் ஒரு புக்க சந்தோஷமா படிச்சு நான் பாத்ததில்ல. நான் ஏன் எழுதலைன்னா எனக்கு வராது, அவ்வளவுதான். அப்பறம் கணேஷ் துப்பறிவாளர் இல்லம்மா, வக்கீல். 1968ல நைலான் கயிறு நாவல்ல சுஜாதா அவரக் கொண்டு வந்தப்பவே வக்கீலாத்தான் வந்தாரு, வசந்த் பின்னாடி வந்து சேந்த ஜூனியர். வீட்டு ஆளுங்கறீங்க, வீட்டு ஆள் என்ன வேலை பாக்கறாருன்னு தெரிஞ்சு வெச்சுக்க வேண்டாமா?

உங்க வீட்டுக்காரர் சிரிச்சா சிரிக்கட்டும். அவரு சிரிச்சதும் நீங்க டைம்பாஸுன்னு சொல்லி ஒதுங்கிக்கறீங்க பாருங்க, அது எனக்குப் பிடிக்கல. உயிர்னு எனக்கு எழுதத் தெரியுதுல்ல, அத அங்க சொல்றதுக்கு என்ன?

இதெல்லாம் போகட்டும். நான் பதில் எழுத உக்காந்தது இதுக்காக இல்ல. மொதப் பத்துப் பக்கத்த தள்ளிருவேன்னு எழுதியிருக்கீங்கள்ல, அத படிச்சதும் சுருக்குன்னுச்சு. ரெண்டு நாளா அதே நெனப்பு. அடுப்படில நிக்கும்போதும் அதான், பஸ்ல போகும்போதும் அதான். தப்பு பண்ணிட்டீங்கம்மா. இத்தனை வருஷமா இலைல சோத்த ஒதுக்கிட்டு அப்பளத்த மட்டும் தின்னுட்டு எந்திரிச்சிருக்கீங்க.

அந்தப் பத்துப் பக்கத்துல என்ன நடக்குது? ஒரு ஆள் படியேறி வர்றாரு. உள்ள இருக்கறவர் உக்காருங்கன்னு நாற்காலிய காட்டறாரு. டீயோ காபியோ வருது. சொல்லுங்கங்கறாரு. வந்தவருக்கு ஒழுங்கா சொல்ல வராது, முன்னாடி சொல்ல வேண்டியத பின்னாடி சொல்லி, நடுவுல சம்பந்தமில்லாம மச்சினன் கதைய இழுத்து, கண்ணத் தொடச்சிக்கிட்டு, மறுபடி ஆரம்பிச்சு, எப்படியோ கொட்டி முடிக்கறாரு. அதுவரைக்கும் எதிர்ல இருக்கறவர் குறுக்க ஒரு வார்த்தை பேசல, மணி பாக்கல, உங்க மேலயும் தப்பு இருக்கும்லன்னு சொல்லல. எல்லாம் முடிஞ்சப்பறம் அன்னைக்கு ராத்திரி ஜன்னல் தொறந்திருந்துச்சான்னு சின்னதா ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வி வந்த ஒடனே தெரிஞ்சு போகும், இவரு நாம சொன்னது அத்தனையும் கேட்டிருக்காருன்னு.

நீங்க படிக்கற ஹோம்ஸையே எடுத்துக்கங்க. 1892ல வந்த ஸ்பெக்கில்டு பேண்ட் கதை. காலைல ஏழேகாலுக்கே ஒரு பொண்ணு வந்து உக்காந்திருக்கு, கறுப்பு டிரஸ், மூஞ்சிய மறைச்சு துணி. பாத்தா முப்பது வயசுதான் சொல்லலாம், தலைமுடில அதுக்குள்ள நரை. நடுங்கறீங்களே, சூடா காபி சொல்றேன்னு ஹோம்ஸ் சொல்றாரு. குளிருக்கு நடுங்கல, பயத்துல நடுங்கறேங்குது அந்தப் பொண்ணு. அதோட இடது கை சட்டைல சேறு தெறிச்சிருக்கறது, கையுறைக்குள்ள சொருகி வெச்சிருக்கற ரிட்டர்ன் டிக்கெட்டு, எல்லாம் அவர் கண்ணுல படுது. இப்ப என்கிட்ட காசு இல்ல, கல்யாணம் ஆனப்பறம்தான் குடுக்க முடியும்னு சொல்லுது, பரவால்லங்கறாரு. கடைசில அது சொல்லாம விட்டத அவரே பாத்துடறாரு. மணிக்கட்டுல இருக்கற கறுப்பு லேஸ மெதுவா ஒதுக்கினா நாலு விரலும் கட்டை விரலும் பதிஞ்ச தடம், அஞ்சு. உங்கள கொடுமைப் படுத்தியிருக்காங்கங்கறாரு. அந்தப் பொண்ணு ஒடனே மறைச்சிக்கிட்டு, அவரு முரட்டு ஆளு, தன் பலம் அவருக்கே தெரியாதுன்னு வளப்பு அப்பாவுக்குப் பரிஞ்சு பேசுது. இத தள்ளிட்டு நேரா அந்த ராத்திரிக்குப் போயிட்டா, அங்க யாருக்காக நாம பதறணும், சொல்லுங்க?

இன்னொண்ணு. தனியா துப்பறியறவருக்கு நம்ம நாட்டுல என்ன அதிகாரம் இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? அவங்களுக்குன்னு லைசென்ஸ் சட்டம் கொண்டு வர 2007ல ராஜ்யசபாவுல ஒரு மசோதா வெச்சாங்க, அது சட்டமாவே ஆகல. கைது பண்ண முடியாது, சம்மன் அனுப்ப முடியாது, ஒருத்தர் கதவ சாத்திக்கிட்டா தொறங்கன்னு சொல்ல முடியாது. ஸ்டேஷனுக்குப் போனா மனு எழுதிக் குடுக்கணும், சி.எஸ்.ஆர் ரசீது வாங்கணும், ஐயா வர்ற வரைக்கும் வெளிய பெஞ்சுல உக்காரணும், அவங்களுக்கும் ஆயிரம் வேலை, குறை சொல்லல. ஆனா கதைல வர்ற இந்த ஆள்கிட்ட இருக்கறது காது மட்டும்தான், அப்பறம் நாலு கேள்வி. வங்காளக் கதைகள்ல 1932ல இருந்து வந்த பியோம்கேஷ் பக்ஷிய டிடெக்டிவ்னு சொன்னா அவருக்குப் பிடிக்காது, சத்யான்வேஷின்னுதான் சொல்லிக்குவாரு. உண்மையத் தேடறவன்.

எங்கப்பாவப் பத்தி நான் இதுவரைக்கும் எழுதினதில்ல.

கீழமாசி வீதில ஒரு பருப்பு மண்டில 11 வருஷம் கணக்கெழுதினாரு. அப்ப எங்க வீடு முனிச்சாலைல. 1983, நான் எட்டாங்கிளாஸ். ஒருநா சாயங்காலம் நாலு மணிக்கே வந்துட்டாரு, எப்பவும் ராத்திரி ஒம்பது ஆகும். சட்டையக் கழட்டாம திண்ணைல உக்காந்தாரு. டிபன் கேரியர வாங்கினேன், காலைல அம்மா குடுத்து விட்ட கனம் அப்படியே இருந்துச்சு. கல்லாவுல 2,400 ரூபா குறைஞ்சிருக்கு. மொதலாளி சத்தம் போடல, அடிக்கல, போலீசுக்குப் போகல. நாளைலருந்து வர வேண்டாம் கணக்குப்பிள்ளைன்னு மட்டும் சொல்லிருக்காரு. சாவி யார்கிட்ட இருந்துச்சு, மத்தியானம் யார் கல்லாவுல உக்காந்தா, முந்தின நாள் பேரேட்டுல என்ன இருக்கு, ஒரு கேள்வி கெடையாது. அப்பா பேரேட்ட எடுத்துக் காட்டறேன்னு சொல்லிருக்காரு, அதெல்லாம் எதுக்குன்னுட்டாரு.

அம்மாவும் கேக்கல. விடுங்க, உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதான்னு சொல்லிட்டு காபி போடப் போயிட்டா. அவ நம்பினா, அதனால கேக்கல. எனக்கு வயசான பெறகுதான் புரியுது, அவருக்கு அது போதல. யாராவது எதிர்ல உக்காந்து, சரி மொதல்லருந்து சொல்லுங்க, காலைல எத்தனை மணிக்குக் கடை தொறந்தீங்கன்னு கேட்டிருக்கணும். திருடனா இருக்கும்னு நெனைச்சுக் கேட்டாக்கூட அவரு சந்தோஷமா பதில் சொல்லிருப்பாரு. பதில் அத்தனையும் அவர்கிட்ட தயாரா இருந்துச்சும்மா, வாங்கிக்கத்தான் ஆள் இல்ல.

அதுக்கப்பறம்தான் துப்பறியும் நாவல் படிக்க ஆரம்பிச்சாரு. சில்லறைக் கடைங்களுக்கு சாயங்காலம் கணக்கெழுதப் போயிட்டு திரும்பி வர்ற வழில, டவுன்ஹால் ரோட்டோரம் கோணிய விரிச்சு பழைய புக்கு போட்டிருந்த ஒருத்தர்கிட்ட வாங்கிட்டு வருவாரு. பெரும்பாலும் தமிழ்வாணனோட சங்கர்லால், டீ குடிச்சிக்கிட்டே யோசிக்கற ஆளு. அதுலயும் கடைசி பாரம் விழுந்து போன புக்காப் பாத்து எடுப்பாரு, கடைசி பதினாறு பக்கம் இருக்காது, பாதி வெலைக்குக் கெடைக்கும். எனக்கு ஆத்தாமையா வரும். ராத்திரி பூரா படிச்சிட்டு யாருன்னே தெரியாம எப்படிப்பா தூங்கறீங்கன்னு ஒருநா சண்டையே போட்டேன். யாரா இருந்தா என்னம்மா, உக்கார வெச்சு கேட்டாருல்லன்னாரு.

அப்ப எனக்கு அது வெளங்கல. 2003ல அவர் போனப்பறம் தகரப் பெட்டியத் தொறந்தா அறுபது புக்குக்கு மேல இருந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கறேன், மொதப் பத்துப் பன்னெண்டு பக்கம் மட்டும் ஓரம் நைஞ்சு, மூக்குப்பொடி கறை படிஞ்சு, மடக்கி மடக்கி மடிப்புலயே கிழியற மாதிரி இருக்கு. அதுக்கு அங்கிட்டு புதுசு மாதிரி. சில புக்குல பக்கம் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, பிரிக்கவே இல்ல. ஆள் வந்து உக்காந்து சொல்ற எடத்த மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சிருக்காரு மனுஷன்.

இப்ப சொல்லுங்க, மொதப் பத்துப் பக்கத்த தள்ளிருவேன்னு நீங்க எழுதினா எனக்கு எப்படி இருக்கும்?

காலேஜ்ல சிலப்பதிகாரம் வந்தப்ப ஒருநா கொலைக்களக் காதைய வீட்ல சத்தமா படிச்சிக்கிட்டு இருந்தேன். தேரா மன்னான்னு கண்ணகி கேக்கறது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அதுக்கு முன்னாடி நடக்கறத யாரும் பேச மாட்டாங்க. கோவலனக் கொல்ல வந்த காவலாளிங்களே அவன ஏற எறங்கப் பாத்துட்டு, "இலக்கண முறைமையின் இருந்தோன் ஈங்கிவன், கொலைப்படு மகன் அலன்"னு சொல்றாங்க. இவன் திருடன் இல்ல, கொல்றதுக்கான ஆளே இல்லன்னு. பொற்கொல்லன் சிரிச்சிட்டு, மந்திரம், தெய்வம், மருந்துன்னு கள்ளனுங்களுக்கு எட்டு வித்தை இருக்குன்னு பாடம் எடுக்கறான். சந்தேகப்பட்டவங்க தயங்கி நிக்கறாங்க. அதுக்குள்ள ஒருத்தன், படிப்பும் இல்ல, குடி வேற, வாள வீசிடறான். அப்பா பேப்பர மடிச்சு வெச்சிட்டு, அத மறுபடி படின்னாரு. படிச்சேன். அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, மண்டிலயும் ரெண்டு பேர் இருந்தாங்கன்னாரு. அந்த ரெண்டு பேர் யாருன்னு நானும் கேக்கல. அம்மா மாதிரியே, எதுக்கு அவரக் கஷ்டப்படுத்தணும்னு நெனைச்சேன். அந்த 2,400 ரூபா எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டிருக்கணும். நானாவது கேட்டிருக்கணும்.

உங்க கேள்விய விட்டுட்டேன்ல. ஒரே மாதிரி கதைய ஏன் விட முடியல. அந்தக் கதவு நாளைக்கும் அங்கயே இருக்கணும், அதே ஆள் அதே நாற்காலிய காட்டணும், அதுக்குத்தான் சீரிஸ். 1893ல கோனன் டாயில் ஹோம்ஸ அருவில தள்ளிக் கொன்னு பாத்தாரு, ஜனங்க விடல, 1903ல திருப்பிக் கொண்டு வந்தாரு. புதிர் போட இங்கிலாந்துல வேற ஆள் இல்லையா என்ன? ஜனங்க கேட்டது அந்த ரூம. பரத்-சுசீலாவோட மூன்லைட் ஏஜென்சியும் அதான், கணேஷோட ஆபீசும் அதான், வக்கீலா இருந்தாலும் உக்காருங்கன்னு சொல்ற எடம்.

கடைசியா. மோதிரம் காணாமப் போச்சு, ஆளாளுக்கு ஒரு மாதிரி பேசினாங்க, அது கெடக்கட்டும்னு எழுதிட்டு ஒடனே இலக்கியம் ஆகுமான்னு கேட்டிருக்கீங்க. உங்க லெட்டர நாலு தடவ படிச்சேன், நாலு தடவையும் அங்கதான் நின்னேன். யாரும் உங்கள எதுவும் கேட்டாங்களா, இல்ல கேக்காமலே முடிவு பண்ணிட்டாங்களா? இங்க வேண்டாம், தனியா எனக்கு எழுதுங்க. எந்தக் கிழமை, அன்னைக்கு வீட்டுக்கு யார் யார் வந்தாங்க, மோதிரத்த கடைசியா எங்க வெச்சுப் பாத்தீங்க, மொத ஆளா உங்க பக்கம் திரும்பினது யாரு. எத்தனை பக்கம் ஆனாலும் சரி. மொதல்லருந்து எழுதுங்க, எதையும் தள்ளாம.

அன்புடன்,
அக்கா
மதுரை