தெற்கு ஸ்பெயினில் குளிர்காலத்துக்கு வாடகை வீடு: வீட்டுக்குள் குளிராமல் இருக்க எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

கேள்வி: ஆஸ்லோவில் இருக்கிறோம். டிசம்பர் நடுவிலிருந்து மூன்று மாதம் மாலகா பக்கம் கடற்கரையில் வீடு எடுத்துத் தங்க எண்ணம். பகலில் 17 டிகிரி இருக்கும் என்கிறார்கள். ஆனால் போய்வந்தவர்கள், "வெளியே வெயில், வீட்டுக்குள்தான் நடுங்கினோம்" என்கிறார்கள். எதைப் பார்த்து வீடு எடுப்பது?

பதில்:

அவர்கள் சொல்வது மிகையில்லை. மாலகாவில் ஜனவரியில் பகல் உச்சம் சராசரியாக 17 டிகிரி, இரவில் 7, 8க்கு இறங்கும். ஆஸ்லோக்காரருக்கு இதெல்லாம் ஒரு குளிரா என்று தோன்றும். ஆனால் ஆஸ்லோ வீடு குளிருக்காகக் கட்டியது. மாலகா கரையில் சுற்றுலா பெருகிய அறுபது, எழுபதுகளில் எழுந்த அடுக்குமாடிகள் கோடைக்காகக் கட்டியவை. துளைச் செங்கல் சுவர், மொசைக் அல்லது மார்பிள் தரை, ஒற்றைக் கண்ணாடி போட்ட அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல், அவ்வளவுதான். ஸ்பெயினில் கட்டடங்களுக்கு வெப்பக்காப்பு விதி வந்ததே 1979இல்தான். அது உருப்படியாக இறுகியது 2006இல் வந்த கட்டட விதித்தொகுப்பில். வெயிலும் படாமல் ஹீட்டரும் இல்லாமல் கிடக்கும் அறை 13, 14 டிகிரியிலேயே நாள் முழுக்க நின்றுவிடும். காலையில் அந்தத் தரையில் வெறுங்காலை வைத்தால் தெரியும்.

அதனால் வீடு பார்க்கும்போது கடல் தெரிகிறதா, நீச்சல்குளம் இருக்கிறதா என்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, ஹாலின் பெரிய கண்ணாடி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான். நம்மவர்கள் வாஸ்து பார்த்துத் தெற்கை ஒதுக்குவார்கள். இங்கே தெற்குப் பார்த்த பால்கனிதான் வேண்டும். வாசல் எந்தப் பக்கம் இருந்தாலும் கவலையில்லை.

காரணம் எளிது. மாலகா இருப்பது வடக்கு அட்சம் 36.7 டிகிரியில். டிசம்பர் கடைசியில் உச்சி வேளையிலும் சூரியன் 30 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. அப்படித் தாழ்ந்து வரும் வெயில், 2.1 மீட்டர் உயரப் பால்கனிக் கதவு வழியாக ஹாலுக்குள் மூன்றரை மீட்டர் வரை நீளும். மேல்மாடிப் பால்கனி ஒன்றரை மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் இரண்டரை மீட்டருக்குக் குறையாது. ஜூனில் சூரியன் 76 டிகிரிக்கு ஏறிவிடுவதால் அதே பால்கனி வெயிலை முழுக்க மறைத்துவிடும். தெளிவான ஜனவரி நாளில் நாலு சதுர மீட்டர் தெற்குக் கண்ணாடி வழியாக வரும் சூடு, 1,500 வாட் ஹீட்டரை ஐந்தாறு மணி நேரம் ஓட்டுவதற்குக் குறைந்ததல்ல. அதுவும் காசில்லாமல்.

தென்கிழக்கு என்றால் காலையிலேயே சூடு ஏறும். தென்மேற்கு என்றால் மாலை வரை தங்கும். வயதானவர்கள் காலையில் ஹாலில் உட்காருவார்கள் என்றால் தென்கிழக்கைத் தேர்ந்தெடுப்பேன். கிழக்கு மட்டும் என்றால் மதியத்தோடு வெயில் முடிந்தது. வடக்கு ஜன்னலுக்கு செப்டம்பர் கடைசி முதல் மார்ச் நடு கடக்கும் வரை ஒரு பொட்டு வெயில் கிடையாது. அந்த வீடு ஃபிரிட்ஜ்தான். இந்தக் கரையில் ஒரு வசதி, கடல் பெரும்பாலும் தெற்கிலோ தென்கிழக்கிலோ இருக்கிறது. ஆகவே கடல் பார்த்த பால்கனி என்றால் வெயிலும் கூடவே வந்துவிடும். அலிகாந்தே, வாலென்சியா பக்கம் இந்தக் கணக்கை எடுத்துப் போகாதீர்கள். அங்கே கடல் கிழக்கில்.

விளம்பரத்தில் "ஒரியன்டாசியோன் சூர்" என்று, அதாவது தெற்கு முகம் என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். எதிரே கட்டடம் இருந்தால் தெற்கு முகத்தால் பயனில்லை. டிசம்பர் உச்சிவேளையில் நிழலின் நீளம் உயரத்தைப் போல் 1.7 மடங்கு. எதிரில் 15 மீட்டர் உயர ஐந்து மாடி நின்றால், அதன் நிழல் 26 மீட்டர் வரும். பத்து மீட்டர் அகலத் தெருவில் முதல், இரண்டாம் மாடிக்கு இரண்டு மாதம் வெயிலே எட்டாது. செயற்கைக்கோள் படத்தில் இடைவெளியை அளந்து, தெருப்படத்தில் எதிர்க் கட்டடத்தின் மாடிகளை எண்ணிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. வீட்டுக்காரரிடம் பால்கனியின் படம் கேட்கும்போது நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள்: காலை 10, மதியம் 1.15, மாலை 4. ஸ்பெயினின் கடிகாரம் சூரியனுக்கு முந்தி ஓடுவதால் அங்கே உச்சிவேளை என்பது டிசம்பரில் சுமார் 1.15 மணி. ஜூலையில் எடுத்த படத்தை அனுப்பினால் அது எதற்கும் உதவாது.

ஊர் விஷயத்தில் உயரத்தைப் பாருங்கள். நெர்ஹா, அல்முன்யேகர் பக்கம் வடக்கே மலை மறைப்பதால் உறைபனி அபூர்வம். அவகாடோவும் மாம்பழமும் விளையும் கரை அது. ஆனால் 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோந்தாவும் ஏறத்தாழ அதே உயரத்திலுள்ள கிரனாடா நகரமும் வேறு உலகம். ஜனவரி இரவில் பூஜ்யத்துக்கு இறங்குவது அங்கே சாதாரணம். வெள்ளைச் சுவர் மலைக்கிராமங்கள் படத்தில் அழகு. அவற்றின் ஒடுங்கிய சந்துகளில் குளிர்கால வெயில் தரையைத் தொடாது.

மாடியும் முக்கியம். தரைத்தளத்தில் ஓதம் ஏறும், தோட்டத்து மரம் மறைக்கும். கடைசி மாடி கூரை வழியாகச் சூட்டை இழக்கும். நடுமாடிதான் நல்லது என்பது பொதுவான பேச்சு. ஆனால் கடற்கரைக் குடியிருப்புகளில் ஒரு சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். மேலும் கீழும் பக்கத்திலும் ஆளில்லாத, சூடேற்றாத வீடு என்றால் நாலு பக்கமும் குளிர்ந்த சுவர். எனவே ஊர்க்காரர்கள் ஆண்டு முழுக்க வாழும் கட்டடமாகப் பாருங்கள். கீழே கடைகள் திறந்திருக்கும், லிஃப்டும் ஒழுங்காக ஓடும். கட்டிய ஆண்டை ஸ்பெயின் அரசின் நிலப்பதிவேடான கதாஸ்த்ரோவின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்து யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 2006க்குப் பிறகு அனுமதி வாங்கிக் கட்டியது என்றால் பாதிக் கவலை விட்டது. 1979க்கு முந்தியது என்றால், ஜன்னலாவது மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். நேரில் போனால் கண்ணாடி முன்னால் ஃபோன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். ஒற்றைக் கண்ணாடியில் பிம்பம் இரண்டு, ஒட்டிக்கொண்டு தெரியும். இரட்டைக் கண்ணாடியில் இரண்டிரண்டாக நாலு, நடுவில் நல்ல இடைவெளியோடு.

இனி சூடேற்றம். பணமும் தூக்கமும் போவது இங்கேதான்.

"கலெஃபக்சியோன்" உண்டு, அதாவது சூடேற்றம் உண்டு என்ற ஒற்றைச் சொல்லுக்கு அங்கே மூன்று பொருள் இருக்கலாம்: சுவரில் பொருத்திய ஏசி, பிளக்கில் செருகும் ஹீட்டர், சிலிண்டர் அடுப்பு. உங்களுக்கு வேண்டியது "போம்பா தே கலோர்" வகை ஏசி, அதாவது திருப்பியும் ஓடிச் சூடு தரும் ஸ்ப்ளிட். ரிமோட்டில் சூரியன் படம் இருந்தால் அதுதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு தரும். பிளக் ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்று. காப்பு இல்லாத 60 சதுர மீட்டர் வீட்டை வெளியைவிடப் பத்து டிகிரி சூடாக வைக்க ஏறத்தாழ 2 கிலோவாட் சூடு தேவை என்று வையுங்கள். தினம் பத்து மணி நேரத்துக்கு ஹீட்டரில் 20 யூனிட் போகும், ஸ்ப்ளிட்டில் 7. ஹாலில் மட்டும் ஸ்ப்ளிட் வைத்துவிட்டுப் படுக்கையறையை விட்டிருப்பார்கள். எந்தெந்த அறையில் இருக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது மின் இணைப்பின் அளவு. ஸ்பெயினில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒப்பந்த வரம்பு உண்டு, "பொதென்சியா கொன்த்ரதாதா" என்பார்கள். விடுமுறை வீடுகளில் காசு மிச்சம் பிடிக்க 3.45 கிலோவாட்டில் வைத்திருப்பது சகஜம், 2.3 கூட உண்டு. 2,000 வாட் ஹீட்டர், 1,500 வாட் கீசர், கூடவே டீக்குக் கெட்டில் என்று போட்டால் கொஞ்ச நேரத்தில் மீட்டரே மின்சாரத்தை வெட்டிவிடும். ஃபியூஸ் போகவில்லை, பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் பெட்டியிலிருக்கும் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிச் சில வினாடி பொறுத்து மேலே தூக்கினால் திரும்ப வரும். ஆனால் மூன்று மாதம் இப்படிக் காலம் தள்ள முடியாது. 4.6க்குக் குறைந்த வீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய பில்லின் படம் ஒன்று கேட்டால் இந்த எண்ணும் ஜனவரிச் செலவும் சேர்ந்தே தெரிந்துவிடும். 2021 ஜூனிலிருந்து நேரத்துக்கொரு கட்டணம் உண்டு: நள்ளிரவு முதல் காலை 8 வரையும், சனி ஞாயிறும் தேசிய விடுமுறைகளும் மலிவு. வேலைநாட்களில் காலை 10 முதல் 2 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் உச்சம். குளிர் கடிக்கத் தொடங்கும் அதே நேரம்தான் விலையும் ஏறும்.

ஆரஞ்சு நிறச் சிலிண்டரை உள்ளே வைத்த சக்கர அடுப்பைப் பார்த்தால் மலிவு என்று மயங்க வேண்டாம். 12.5 கிலோ பியூட்டேன், 4,200 வாட் அடுப்பில் முழு வேகத்தில் 40 மணி நேரம் வரும். ஆனால் ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகும். ஒரு சிலிண்டர் தீரும்போது வீட்டுக் காற்றில் 19 லிட்டர் தண்ணீர் கலந்திருக்கும். அது போய்ப் படிவது குளிர்ந்த வடக்குச் சுவரில். இரண்டு வாரத்தில் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. மூடிய அறையில், அதிலும் படுக்கையறையில், இது கூடவே கூடாது. ஊர்க்காரர்களின் பழைய உபாயம் இதைவிடப் புத்திசாலித்தனமானது. "மேசா கமில்யா" என்ற வட்ட மேசைக்குத் தரை தொடும் கனத்த துணி போர்த்தி, அடியில் "பிராசெரோ" என்ற சின்ன மின்கணப்பு வைப்பார்கள். சுற்றி உட்கார்ந்து துணியை மடிமேல் இழுத்துவிட்டால் சில நூறு வாட்டில் கால் சூடாகிவிடும். துணி கணப்பில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஓதம் இருக்கிறதா என்பதைப் படத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயின்ட், கூரையோரம் சாம்பல் நிழல், அறையில் ஈரம் உறிஞ்சும் எந்திரம் என்று ஏதாவது தென்பட்டால் விசாரியுங்கள். 20 டிகிரியில் 65 சதவீத ஈரம் உள்ள காற்று 13 டிகிரிச் சுவரைத் தொட்டால் வியர்க்கத் தொடங்கும். சின்ன ஈரமானி ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள், 60ஐத் தாண்ட விடாதீர்கள்.

சுடுதண்ணீர்: இரண்டு பேருக்கு 50 லிட்டர் கீசர் இழுபறி. 60 டிகிரிக்குச் சூடாக்கினால் கலந்து 90 லிட்டர் சொச்சம் வரும், அதாவது ஷவரில் 12 நிமிடம். திரும்பச் சூடாக இரண்டு மணி நேரம் ஆகும். 80 லிட்டர் கேளுங்கள்.

மூன்று மாதம் என்பதால் ஒப்பந்தத்தில் ஒரு விஷயம். மாலகா அடங்கிய ஆண்டலூசியா மாநிலத்தின் சுற்றுலா வீட்டு விதி ஒரே ஆள் தொடர்ச்சியாக இரண்டு மாதத்துக்கு மேல் தங்குவதற்குப் பொருந்தாது. அந்த விதி, 2016இல் ஆணையாக வந்தபோது, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வாடகைக்கு விடும் வீட்டில் சூடேற்ற வசதி கட்டாயம் என்றது. ஆனால் கோடைக் குளிர்விப்புக்குச் சுவரில் பொருத்திய கருவி வேண்டும் என்று சொன்ன அதே பத்தி, சூடேற்றத்துக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு பிளக் ஹீட்டரோடு கடமை முடிந்தது. உங்களுக்கு வருவது "தெம்பொராதா" எனும் பருவகால ஒப்பந்தம். தங்குவது தற்காலிகம், இன்ன காரணத்துக்கு என்று அதில் எழுத வேண்டும். சட்டப்படி முன்பணம் இரண்டு மாத வாடகை. ஒப்பந்தத்தில் எந்த அறையில் எந்தச் சூடேற்றி, ஒப்பந்த மின் அளவு எத்தனை, வாடகையோடு மின்சாரம் எத்தனை யூரோ வரை அடங்கும், மிஞ்சினால் எப்படிக் கணக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். "மின்சாரம் அடக்கம்" என்பதற்குப் பின்னால் சின்ன எழுத்தில் ஒரு மாத உச்சவரம்பு ஒளிந்திருக்கும். ஜனவரியில் அது பத்து நாளில் தீரும்.

சாவி வாங்கிய அன்றே மீட்டரைப் படம் எடுங்கள், ஒவ்வொரு ஸ்ப்ளிட்டையும் சூரியன் குறியில் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கோடையோடு அணைத்து வைத்த எந்திரம் குளிர்ந்த காற்றையே ஊதினால் அப்போதே சொல்லிவிடலாம். ஜன்னலுக்கு வெளியே இறங்கும் சுருள் மறைப்பை "பெர்சியானா" என்பார்கள்; ஜன்னலுக்கு மேலுள்ள அதன் பெட்டியில் கையை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் காற்று புகும் பெரிய ஓட்டை அதுதான். சில யூரோவுக்கு விற்கும் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினால் அடங்கும். மதியம் 12க்கும் 3க்கும் இடையில் பத்து நிமிடம் எல்லா ஜன்னலையும் திறந்து மூடுங்கள். வெயில் பால்கனியை விட்டு இறங்கியதும், இருட்டும்வரை காத்திராமல், பெர்சியானாவை முழுக்க இறக்கிவிடுங்கள்.