அழுத்தினால் சத்தம் ஏறவில்லையா? ஆஃப்டர்டச், எல்.எஃப்.ஓ. கேள்வி பதில்

அண்ணா, என் சிந்த்தில் (சிந்தசைசர் கீபோர்டு) ஆஃப்டர்டச்சை, அதாவது கட்டையைப் பிடித்தபின் விரல் மேலும் கொடுக்கிற அழுத்தத்தை, வால்யூமுக்குக் கொடுத்து அளவையும் முழுசாக வைத்துவிட்டேன். எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் ஏறவில்லை. கீபோர்டு போய்விட்டதா?

கீபோர்டு நன்றாகத்தான் இருக்கும். பேட்சில் (நீங்கள் வாசிக்கிற சத்தத்தின் அமைப்பு) ஆம்ப் லெவல், அதாவது அடிப்படை சத்த அளவு, எங்கே நிற்கிறது என்று பாருங்கள், ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும். நிரம்பின குடத்தில் மேற்கொண்டு எங்கே ஊற்றுவது? லெவலை நூற்றில் 60க்கு இறக்கிவிட்டு மிச்ச 40ஐ விரலுக்கு விடுங்கள். அப்புறம், பிளக் (தந்தியைச் சுண்டுகிற சத்தம்) மாதிரி சஸ்டெய்ன் (கட்டையைப் பிடித்திருக்கும்வரை நிற்கும் அளவு) பூஜ்யமாக இருக்கிற சத்தத்தில் இதை முயலவேண்டாம். நிறைய சிந்த்களில் என்வலப்பையும் (சத்தம் எழுந்து அடங்கும் வடிவம்) அழுத்தத்தையும் பெருக்கித்தான் வால்யூம் வருகிறது. விரல் ஆழமாக இறங்குவதற்குள் என்வலப் பூஜ்யத்துக்கு வந்துவிடும், அதை எதால் பெருக்கி என்ன?

சார், அழுத்தினால் மட்டும் ட்ரெமோலோ, அதாவது சத்தத்தின் ஆட்டம், வரவேண்டும். எப்படி?

எனக்குப் பிடித்ததே இதுதான். எல்.எஃப்.ஓ. (மெதுவான அலையால் மற்றதை ஆட்டுகிற பகுதி) சைன் அலை, வேகம் 5 ஹெர்ட்ஸ், அதை வால்யூமுக்கு அனுப்பி டெப்த்தை (ஆட்டத்தின் அளவு) பூஜ்யத்தில் வையுங்கள். ஆஃப்டர்டச்சை வால்யூமோடு நேராக இணைக்காமல் அந்த டெப்த்துக்குக் கொடுங்கள். சும்மா பிடித்தால் ஸ்வரம் நேராக நிற்கும், அழுத்த அழுத்த அலை கிளம்பும். இங்கேயும் அதே குடம்தான்: எல்.எஃப்.ஓ. மேலும் கீழும் ஆடுகிற வகையாக இருந்து லெவல் உச்சத்தில் இருந்தால் அலையின் மேல்பாதி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும், காதுக்கு ஏதோ நொண்டுகிற மாதிரி கேட்கும். ஒன்று லெவலை இறக்குங்கள், இல்லையென்றால் கீழ்ப்பக்கம் மட்டும் ஆடும்படி யூனிபோலாருக்கு மாற்றி குறைக்கும் திசையில் விடுங்கள்.

ட்ரெமோலோவும் வைப்ரேட்டோவும் ஒன்றுதானே?

இல்லை. வால்யூம் ஆடினால் ட்ரெமோலோ, சுருதி ஆடினால் வைப்ரேட்டோ. குழப்பத்துக்கு ஃபெண்டர் கிட்டார் கம்பெனியும் ஒரு காரணம்: கிட்டாரில் சுருதியை ஆட்டுகிற கம்பிக்கு ட்ரெமோலோ என்று பேர் வைத்தார்கள், ஆம்ப்ளிஃபையரில் சத்தத்தை ஆட்டுவதற்கு வைப்ரேட்டோ என்று எழுதினார்கள்!

மெதுவாக அழுத்தினாலும் சத்தம் படிப்படியாக, கர்ரென்று ஏறுகிறதே?

மிடியில் (மின்னணு இசைக்கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) அழுத்தம் 0 முதல் 127 வரைதான், அந்தப் படிகளைத்தான் கேட்கிறீர்கள். சிந்த்தில் லேக் அல்லது ஸ்மூத்திங் என்று ஒன்று இருக்கும், 30 மில்லிசெகண்ட் கொடுத்துப் பாருங்கள். அதிகமாகக் கொடுத்தால் விரலுக்குப் பின்னால் சத்தம் இழுத்துக்கொண்டு வரும்.

மூன்று ஸ்வரம் பிடித்து ஒன்றை மட்டும் அழுத்தினால் மூன்றுமே ஏறுகிறது.

உங்களிடம் இருப்பது சேனல் ஆஃப்டர்டச், எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அழுத்தம்தான் போகும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்த்தும் அப்படித்தான். ஒவ்வொரு விரலுக்கும் தனியாக வேண்டுமென்றால் பாலிஃபோனிக் ஆஃப்டர்டச் உள்ளதைத் தேடுங்கள், 1977இன் யமஹா சிஎஸ்-80 சிந்த்திலேயே அது இருந்தது.

எல்.எஃப்.ஓ. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால்?

20 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஆட்டமாகக் கேட்காது, ஸ்வரத்தின் நிறமே மாறும். 440 ஹெர்ட்ஸ் சைனின் வால்யூமை 100 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஆட்டினால் 340உம் 540உம் கூடச் சேரும். மணியடிக்கிற மாதிரி கரகரப்பு வேண்டுமென்றால் வேகத்தையும் ஆஃப்டர்டச்சிடம் கொடுத்துப் பாருங்கள், ஹெட்ஃபோன் வால்யூமைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு.