செயலியில் 154, கருவியில் 60: எதை நம்புவது?

கேள்வி: யங்கோன் நகர மையத்தில் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். என் தாயாருக்கு 67 வயது. நெடுநாளாக ஆஸ்துமா இருக்கிறது. காற்று மாசு, கைபேசிச் செயலியில் 154 என்றும், பால்கனியில் வைத்துள்ள சிறு கருவியில் 60 என்றும் தெரிகிறது. எதை நம்பி அம்மாவை விடியற்காலை நடைக்கு அனுப்புவது?

பதில்: இரண்டும் ஒரே காற்றைத்தான் சொல்கின்றன. கருவியின் 60, ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள்கள் எத்தனை மைக்ரோகிராம் உள்ளன என்ற அளவு. செயலியின் 154, அதே அளவை அமெரிக்க அட்டவணைப்படி மாற்றிய காற்றுத் தரக் குறியீடு. 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்திருக்கிறது. ஆகவே, 60 என்பது சிறிய எண்ணாயிற்றே என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

வீட்டுக் கருவிகள் துகள்களின் மீது ஒளியைப் பாய்ச்சி, அது சிதறுவதைக் கொண்டு கணக்கிடுகின்றன. ஈரப்பதம் மிகுந்த வேளையில் துகள்கள் நீரை ஏற்றுப் பருப்பதால், மழைக்காலத்திலும் பனிமூட்டத்திலும் அவை கூடுதலாகக் காட்டக்கூடும். இருப்பினும், ஒரே இடத்தில் வைத்து வேளைக்கு வேளை ஒப்பிட அவை நன்கு உதவும். ஒருமுறை சாம்பிராணி போடும்போதோ, கரி அடுப்பில் சமைக்கும்போதோ கருவியை உள்ளே கொண்டுவந்து பாருங்கள். தெருவை மட்டும் குறை சொல்லத் தோன்றாது. மின்வெட்டின்போது ஓடும் ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடை இக்கருவி காட்டாது. எனவே எண் குறைவாக இருந்தாலும், ஜெனரேட்டரைப் பால்கனியிலோ சன்னலோரத்திலோ இயக்கக் கூடாது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, இரவில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுவதால், புகையும் மேலே கலையாமல் தேங்குகிறது. விடியற்காலை தூய்மையானது என்ற நம் வழக்கமான எண்ணம் அந்த மாதங்களில் பெரும்பாலும் பொருந்தாது. ஒரு வாரம் காலை ஆறு, ஒன்பது, மாலை நான்கு, இரவு எட்டு மணிக்கு அளவைக் குறித்து வாருங்கள். பகலில் எப்போது குறைவோ அப்போது, வண்டிகள் நெரியும் சாலையை விட்டு, கண்டோஜி ஏரிப் பக்கம் நடக்கச் சொல்லுங்கள். செயலியின் குறியீடு 150ஐத் தாண்டும் நாளில் வீட்டுக்குள்ளேயே நடப்பது போதும்.

எண் எவ்வளவு குறைந்தாலும், அவருடைய மருத்துவர் தந்த தினசரி இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம். மூச்சிரைப்பால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, உடனடி நிவாரண இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.