கருத்துக் கேட்பதற்கு மூலக் கோப்பைக் கொடுக்க வேண்டியதில்லை

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. விடுமுறை நாள்களில் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. அய்யலூர் ஆட்டுச்சந்தையில் இரண்டு வியாபாரிகள் துண்டுக்குள் கைகோத்து விலை பேசும் காட்சியை எடுத்து முகநூல் குழு ஒன்றில் பகிர்ந்தேன். 'அருமை', 'சூப்பர்' என்று நிறையப் பேர் எழுதினார்கள்; ஒரே ஒருவர் குறை சொன்னார். பிறகு, புகைப்பட வழிகாட்டி என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர், என் படங்களை மதிப்பிட்டுப் பன்னாட்டுப் போட்டிகளுக்கு அனுப்பித் தருவதாகக் கூறி, இரண்டு படங்களுக்கு ரூ.1,500 வாங்கிக்கொண்டார். இப்போது அவற்றின் 'ரா' கோப்புகளையும் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தையும் கேட்கிறார். அனுப்பலாமா? முகநூலில் போட்டதால் என் உரிமை ஏற்கெனவே போய்விட்டதா?

பதில்: அனுப்பாதீர்கள். கோப்புகளையும் அனுப்ப வேண்டாம். படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு படம் எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று சொல்வதற்கு, அனுபவமுள்ள எவருக்கும் நீளவாக்கில் 2,000 பிக்சல் அளவுள்ள சாதாரண ஜேபெக் படமே போதும். நான் நடுவராக அமர்ந்த போட்டிகளில், சுருக்கிய ஜேபெக் படங்களைத் திரையில் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டிருக்கிறோம். உங்கள் படத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதற்கே ஒருவர் மூலக் கோப்பைக் கேட்கிறார் என்றால், அவருக்கு வேண்டியது உங்கள் முன்னேற்றம் அல்ல, உங்கள் படம்.

ரா கோப்பு என்பது கேமராவின் சென்சார் பதிவு செய்ததை மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு. வீட்டுக்கு மூலப்பத்திரம் எப்படியோ, படத்துக்கு அது அப்படி. எடுத்த நாள், நேரம், கேமராவின் மாடல், ஷட்டர் வேகம், பெரும்பாலான கேமராக்களில் வரிசை எண் வரை அதற்குள் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இந்தத் தகவல்கள் உதிர்ந்துவிடுகின்றன. அதையே 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் எல்லாம் அப்படியே போய்ச் சேரும், கைப்பேசியில் எடுத்த படமாக இருந்தால் எடுத்த இடத்தின் வரைபடக் குறியீடு உட்பட. வீட்டில் எடுத்த குழந்தைகளின் படத்தை முன்பின் தெரியாதவருக்கு அப்படி அனுப்பினால், முகவரியையும் சேர்த்தே அனுப்பியதாக ஆகும். நாளைக்கு 'இது நான் எடுத்தது' என்று யாராவது கிளம்பினால், உங்களிடம் இருக்கும் ரா கோப்பும், அதற்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் நீங்கள் எடுத்த மற்றப் படங்களும்தான் உங்களுக்காகப் பேசும். ஆகவே, நல்ல படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடும் பழக்கம் இருந்தால், முக்கியமான படங்களின் விஷயத்திலாவது அதை விட்டுவிடுங்கள்.

மூலக் கோப்பை நியாயமாகவே கேட்கிறவர்களும் உண்டு. பெரிய போட்டிகளில் கடைசிச் சுற்றுக்கு வந்த படங்களுக்கு மட்டும், படம் உண்மையானதா என்று சரிபார்ப்பதற்காக, அமைப்பாளர்களே நேரடியாகக் கேட்பார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2017-இல் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படம், அதில் இருப்பது பாடம் செய்த விலங்கு என்று நடத்தியவர்கள் முடிவுக்கு வந்தபின், 2018-இல் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. இத்தகைய ஐயங்கள் எழும் என்பதால்தான் அந்தச் சோதனை. ஆனால் அது போட்டியின் இறுதியில் வருவது. நடுவில் நிற்கும் ஒருவர் ஆரம்பத்திலேயே கேட்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உரிமை போய்விட்டதா என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். போகவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளர். படம் எடுக்கப்பட்ட கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது; எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. 2012-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்கு மேல் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ பகிரும்போது, படத்தைக் காட்டவும் பரப்பவும் அந்த நிறுவனத்துக்கு நீங்கள் ஓர் அனுமதி தருகிறீர்கள். உரிமை உங்களிடமே இருக்கிறது. குழுவில் பார்த்த மற்றவர்களுக்கோ அந்த அனுமதிகூடக் கிடையாது.

உரிமை உண்மையில் கைமாறுவது கையெழுத்தில்தான். நீங்கள் அனுப்பியிருந்த படிவத்தின் நகலில், 'மேற்படி படங்களை உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்த அனுமதிக்கிறேன்' என்று ஒரு வரி இருக்கிறது. உரிமையை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்கிறது. விவரம் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்களுக்காகச் சட்டத்தில் வைத்த அந்தக் காப்பை உடைப்பதற்கென்றே எழுதப்படுகின்றன 'உலகம் முழுவதும்', 'எல்லாக் காலத்துக்கும்' என்ற சொற்கள். போட்டி விதிகளைப் படிக்க நேரமில்லை என்றாலும், இந்த இரண்டு சொற்களையும், அவற்றோடு 'எந்த நோக்கத்துக்கும்' என்பதையும் தேடிப் பாருங்கள். மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் அந்தப் போட்டி உங்களுக்கு வேண்டாம்.

எடுத்தவருக்கே உரிமை என்பதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நீங்கள் ஆசிரியை என்பதால் அது உங்களைத் தொடக்கூடும்; ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். இன்னொருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், அவரிடம் பணமோ பணத்துக்கு ஈடானதோ பெற்றுக்கொண்டு நீங்கள் படம் எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். பள்ளி ஆண்டு விழாவுக்கு நிர்வாகம் உங்களிடம், "நீங்களே படம் எடுத்துவிடுங்கள் டீச்சர்" என்று சொல்லி ரூ.2,000 கொடுத்தால், அந்தப் படங்கள் பள்ளிக்குச் சொந்தம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சீமந்தத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு எடுத்தால், அவை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். அவர்களைக் கேட்காமல் போட்டிக்கு அனுப்பக்கூடாது. அதே சீமந்தத்துக்கு விருந்தாளியாகப் போய், நீங்களாக விரும்பி எடுத்திருந்தால் உரிமை உங்களுடையது. விருந்து சாப்பிட்டதால் அது மாறிவிடாது. பணம் வாங்கியும் உரிமையை நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால், 'படங்களின் பதிப்புரிமை எடுத்தவரிடமே இருக்கும். குடும்பத்தார் தங்கள் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். விழா முடிந்தபின் வாய்ப்பேச்சில் சொல்வது செல்லாது. உரிமை கைமாறிய பிறகும்கூட, படத்தை எடுத்தவர் நீங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களிடமே இருக்கும். சந்தைப் படத்தை யாரும் கேட்டு நீங்கள் எடுக்கவில்லை என்பதால், அது முழுக்க முழுக்க உங்களுடையது.

இனி அந்த இடைத்தரகரைப் பற்றி. நுழைவுக் கட்டணம் கேட்பதாலேயே ஒரு போட்டியை மோசடி என்று சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன லண்டன் போட்டியிலும் பெரியவர்களுக்குக் கட்டணம் உண்டு. சோனி உலகப் புகைப்பட விருதுகளுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் இரண்டிலும் நீங்களே நேரடியாகப் படம் அனுப்பலாம். படிவத்தை நிரப்புவது பள்ளிக்கூட அட்மிஷன் படிவத்தைவிட எளிது. அப்படியிருக்க நடுவில் ஒருவர் எதற்கு? 1950-இல் தொடங்கிய எஃப்ஐஏபி என்ற பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு ஒரு போட்டிக்குத் தன் ஆதரவைத் தந்தால், அதற்கு ஓர் எண்ணும் தரும். 'எஃப்ஐஏபி அங்கீகாரம்' என்று பேசுகிற எவரிடமும் அந்த எண்ணைக் கேட்டு, கூட்டமைப்பின் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். எண் தர மாட்டார்கள் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 'உங்கள் படம் சிறப்பு நூலுக்குத் தேர்வாகியிருக்கிறது, பிரதிகளை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்' என்பது இன்னொரு வலை. அந்த நூலை அதில் படம் வந்தவர்களைத் தவிர வேறு யாரும் வாங்குவதில்லை. பட்டங்களும் சான்றிதழ்களும் வாங்கித் தருகிறேன் என்று மொத்தமாகப் பணம் பிடிக்கும் ஆட்கள் இந்தப் பொழுதுபோக்கையே கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல கண் உள்ள பிள்ளைகள், எந்த நடுவருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று யோசித்துப் படம் எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

குறை சொன்ன அந்த ஒருவரை நீங்கள் கோபத்தில் 'பிளாக்' செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தைப் பார்த்தேன்; அவர் சொன்னது சரி. உச்சி வெயிலில் அந்த வெள்ளைத் துண்டு முழுக்க வெளுத்துப்போய், மடிப்பே தெரியாத வெள்ளைத் திட்டாகிவிட்டது. துண்டுக்குள் விரல்கள் என்ன செய்கின்றன என்பதுதான் இந்தப் படத்தின் உயிர். விரல்களின் அசைவு துணியின் மடிப்பில் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைத்திருந்தால் தெரிந்திருக்கும். ரா கோப்பில் இன்னும் கொஞ்சம் விவரம் மிச்சமிருக்கக்கூடும்; ஹைலைட்டை, அதாவது மிகவும் வெளிச்சமான பகுதிகளை, குறைத்துப் பாருங்கள். வலது ஓரத்தில் பாதி முகத்தோடு நிற்பவரை வெட்டிவிட வேண்டாம். அவர் கண் துண்டின் மேலேயே இருக்கிறது, பார்க்கிறவரையும் அங்கே இழுத்துக்கொண்டு போகிறது.

நல்ல கருத்து வேண்டுமென்றால் நல்ல கேள்வி கேட்க வேண்டும். பத்துப் படங்களை ஒன்றாகப் போட்டு 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'அருமை'தான் வரும். ஒரே படத்தைப் போட்டு, 'ஓரத்தில் நிற்பவர் இருக்கலாமா, கூடாதா?' என்று கேளுங்கள். உண்மையாகவே பார்த்தவர்கள் மட்டும் பதில் சொல்வார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே குறையைச் சொன்னால், அது படத்தில் இருக்கிறது என்று பொருள். நேரில் உட்கார்ந்து பேசும் குழுக்களுக்கு ஈடில்லை. 1850களிலேயே சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டது, இன்றும் சங்கங்களின் கூட்டங்களில் உறுப்பினர்களின் படங்களைத் திரையில் போட்டு அலசுகிறார்கள். படத்தின் நடுவில் பெரிதாகப் பெயர் எழுதுவது திருட்டைத் தடுக்காது, கருத்துச் சொல்ல வருகிறவரின் கண்ணைத்தான் தடுக்கும். ஓரத்தில் சிறிதாக எழுதினால் போதும்.

படம் திருடப்பட்டால், பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அந்தத் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். 2013-ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின்படி, முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் அதை முடக்க வேண்டும். ஆனால் 21 நாள்களுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு வாங்கி வராவிட்டால், அதைத் திரும்பவும் காட்டலாம். எந்த ஊரில் எந்த நீதிமன்றத்தில் ஒரு பள்ளி ஆசிரியைக்கு 21 நாளில் உத்தரவு கிடைக்கும் என்று இந்த விதியை எழுதியவர்கள் யோசித்தார்களா, தெரியவில்லை. பதிப்புரிமையைப் பதிவு செய்துவைத்தால் சான்றாக உதவும் என்பார்கள். ஒரு படத்துக்கு ரூ.500 கட்டணம், ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு. ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறவர் எதைப் பதிவார், எதை விடுவார்? ஆறுதலான ஒன்று, வழக்குப் போடுவதென்றால் திருடியவரின் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டாம்; நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது: அந்த நபருக்குத் தொலைபேசியில் பேசாமல், எழுத்தில், 'என் படங்களை எந்தப் போட்டிக்கும் அனுப்பவோ வெளியிடவோ உங்களுக்கு அனுமதி இல்லை, ரூ.1,500-ஐத் திருப்பித் தரவும்' என்று அனுப்புங்கள். ஏற்கெனவே எந்தப் போட்டிக்காவது அனுப்பியதாகச் சொன்னால், அதன் பெயரைக் கேட்டு, அமைப்பாளர்களுக்கே நேரடியாக எழுதிப் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பணம் திரும்பாவிட்டால், பரிவர்த்தனை எண்ணோடும் அவர் அனுப்பிய செய்திகளோடும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் தாமதிக்காமல் புகார் செய்யுங்கள். அவர் அனுப்பிய படிவத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். புகாருக்கு அதுவும் தேவைப்படும்.