புது டியூப்பும் பஞ்சர் ஆவது ஏன்?

கேள்வி: 700x35 டயர் உள்ள சைக்கிள். வழியில் பஞ்சர் ஆனதும் புது டியூப் மாற்றினேன். இரண்டே கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கிவிட்டது. டியூப் மட்டமானதா?
- வாசகர், விருதுநகர்

பதில்: டியூப் மீது பழி வேண்டாம். முதல் டியூப்பைக் குத்திய முள் இன்னும் டயரிலேயே இருக்கலாம். சீமைக்கருவேல முள் முனை ஒடிந்து ரப்பருக்குள் நின்றுவிட்டால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் துடையுங்கள். நூல் சிக்கும் இடத்தில்தான் முள். வெறும் விரலை விட்டுத் தேடாதீர்கள், கிழித்துவிடும்.

ஓட்டை இருக்கும் இடமும் காரணம் சொல்லும். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள், ஆணி. ரிம் பக்கம் என்றால், ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் பட்டையான ரிம் டேப் விலகி ஸ்போக் முனை குத்தியிருக்கிறது. அருகருகே இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள், அல்லது மாட்டும்போது டயரை நெம்பும் லீவர் டியூப்பைக் கடித்திருக்கிறது.

மாட்டும் முன் டியூப் உருண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று விடுங்கள். டயரைக் கட்டைவிரலால் ஏற்றி, வால்வு அருகே முடியுங்கள். கடைசி நாலு அங்குலம் அடம்பிடித்தால் கொஞ்சம் காற்றை இறக்குங்கள். லீவரைத் தொட வேண்டாம்.

பழைய டியூப்பை எறியாதீர்கள். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பசபசப்பு போகும்வரை ஐந்து நிமிடம் விட்டு ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டினால் பிய்ந்துகொள்ளும்.